முன் சக்கரத்துக்கு மூன்று வைத்தியம்

புது டயரின் ரப்பர் வாசனை என்னை எப்போதும் கொஞ்சம் தடுமாற வைக்கும். போன வாரம் வண்டிக்கு முன் டயர் மாற்றப் போயிருந்தேன். மாட்டி முடித்த கடைக்காரர், "பேலன்ஸ் எப்படிப் பாக்கணும் அண்ணாச்சி?" என்றார். "மிஷின்ல போட்டுருவமா, ஸ்டாண்டுல தொங்கவிட்டுக் கையால பாக்கவா? இல்ல, டயருக்குள்ள பொடி மணி போட்டுருவமா? ஓட ஓட அதுவா எடம் பாத்துக்கிடும்." நான் பேந்தப் பேந்த விழித்தேன். முப்பது வயதில் இதே கேள்விக்கு விழித்தவன்தான். இருபத்தைந்து வருடத்தில் தேறவே இல்லை. போதாக்குறைக்கு மணி வேறு புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

அப்போது மருந்துக் கம்பெனியில் பிரதிநிதி வேலை. பாளையங்கோட்டையில் காலையில் கிளம்பினால் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர், சாத்தான்குளம் என்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். பையில் இருமல் மருந்தும் சத்து டானிக்கும். ஒருநாள் ஆற்றோரச் சாலையில் ஐம்பதைத் தாண்டியதும் ஹேண்டில்பார் நடுங்கியது. வேறு யாராக இருந்தாலும் சக்கரத்தைக் குனிந்து பார்த்திருப்பார்கள். நான் என் கையைப் பார்த்தேன்.

காரணம் அப்பா. தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். நாற்பது தாண்டியதும் அவருக்கு இடது கை நடுங்கத் தொடங்கியது. மருந்து சாப்பிட்டுக்கொண்டு ஓய்வுபெறும் வரை ஆபீஸ் போனார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். நடுக்கம் எனக்கும் வந்துவிட்டது என்றே நம்பினேன். கல்யாணமாகி எட்டு மாதம், பிழைப்பே வண்டியில். தினம் பத்து டாக்டர்களைப் பார்க்கிறவன், ஒருவரிடமாவது கையை நீட்டியிருக்கலாம் இல்லையா? மெக்கானிக் இசக்கி அண்ணனிடம் போனேன். சக்கரம்தான் கோளாறு என்று யாராவது சொன்னால் போதும் எனக்கு.

இசக்கி அண்ணன் சக்கரத்தைக் கழற்றி அச்சில் தொங்கவிட்டு, பைய ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். "எங்கன வந்து நிக்குதோ அங்கனதான் கனம். எதித்தாப்புல ஈயத்தக் கெட்டுனா சரியாப் போவும், தம்பி." கட்டினார். இரண்டு நாள் நன்றாக இருந்தது போலிருந்தது. மூன்றாம் நாள் மறுபடி நடுக்கம். இருந்ததா, இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது.

அடுத்து வண்ணார்பேட்டையில் மிஷின் வைத்திருந்தவர். இசக்கி அண்ணனின் ஈயத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "கையால சுத்துனா மேல கீழ உள்ள கனந்தான் தெரியும். பக்கவாட்டு ஆட்டம் வேகமா ஓடும்போதுல்லா தெரியும்?" ஈயத்தைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் பங்குக்கு வேறு எடையை ஒட்டினார். ஆட்டம் பாதி குறைந்தது. இதை இசக்கி அண்ணனிடம் சொன்னபோது, "அந்த மிஷினு நம்ம ரோட்டுல ஓடியிருக்காமா?" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு யார் பேசினாலும் நியாயமாகத்தான் படும்.

அன்றைக்கு என் மூளை வேலை செய்த விதத்தைக் கேளுங்கள். ஒரு வைத்தியத்துக்கே இவ்வளவு குணம் என்றால் இரண்டும் சேர்ந்தால்? மிஷின்காரர் ஒட்டிய எடை இருக்க, அதே சக்கரத்தில் காகிதத்தில் இருந்த ஈயத்தையும் நானே கட்டினேன். ஒரே காய்ச்சலுக்கு இரண்டு டாக்டர் மருந்தையும் சேர்த்துச் சாப்பிடாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். மறுநாள் செய்துங்கநல்லூர் தாண்டி வண்டி ஆடிய ஆட்டத்தில் வயலுக்குள் இறங்கப் பார்த்தேன். இப்போது ஆடுவது முதல் ஆட்டமா, நான் கட்டியதால் வந்ததா, இல்லை கைதானா? ஒன்றும் விளங்காமல் வீடு வந்து சேர்ந்தேன்.

சாயங்காலம் முற்றத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியாது.

"ஏலே, கைய எதுக்கு நீட்டி நீட்டிப் பாக்க?"

"வண்டி ஆடுதுப்பா."

வலது கையை நீட்டினார். "சாவியக் கொண்டா."

அவர் வண்டியைத் தொட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "உங்களுக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?" என்று கத்தினாள். அவர் மூன்றாவது உதையில் கிளப்பி, வாய்க்கால் பாலம் வரை பையப் போய்த் திரும்பினார். அந்த வேகத்தில் எந்தச் சக்கரமும் ஆடாது. அவர் பார்க்கப் போனதும் சக்கரத்தை இல்லை.

வந்து நிறுத்தி, ஹேண்டிலைப் பிடித்தபடி இடது கையைக் காட்டினார். அசையவில்லை. பிறகு கையை எடுத்துத் தொடைமேல் போட்டார். விரல்கள் உருட்டி உருட்டி ஆடத் தொடங்கின.

"புடிச்சா நிக்கும். சும்மா விட்டாத்தான் ஆடும். எனக்கு அப்படி. உனக்கு எப்ப ஆடுது?"

"புடிச்சிருக்கும்போதுதான்."

"கைய எடுத்தா?"

"இல்லப்பா."

"அப்ப வண்டிதாம்லே. போய்ச் சாப்பிடு."

நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன். பயம் தீர்ந்ததற்கா, அத்தனை வருடமாக மறைத்துவந்த கையை அவர் எனக்காக வெளியே எடுத்துக் காட்டியதற்கா, தெரியவில்லை.

மறுநாள் எல்லா எடையையும் பிய்த்துப் போட்டுவிட்டு டயரையே மாற்றினேன். பழைய டயரின் ஓரத்தில் ஒரு பக்கம் புடைத்திருந்ததாம். ஆட்டம் நின்றது. ஆகவே எந்த வைத்தியம் சிறந்தது என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது. இசக்கி அண்ணன் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அந்த வண்டி யாரிடம் இருக்கிறதோ. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம்.

ஒரு மாதமாக என் இடது மோதிரவிரல், சும்மா இருக்கும்போது தானாக அசைகிறது. எதையாவது பிடித்தால் நின்றுவிடுகிறது. வயதா, பயமா, அதுவேதானா? டாக்டரிடம் போகத்தான் வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.