அந்த விமானத்தில் இருந்த ஒருத்தியை அம்மன் அனுப்பினாள்

கங்கையம்மனைக் கும்பிடும் அக்கா தங்கைகளுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் பழவேற்காடு பக்கத்துக் கோட்டைக்குப்பம் தேவகி சொல்லிக்கொள்வது. எங்கள் குடும்பத்துக்கு அவள் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் ஏழுமலை விமான விபத்தில் சிக்கிப் பிழைத்தவர். வளைகுடா நாட்டில் ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் கூலிக்கு இருந்தார். ஒரு ஐப்பசி மாதம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். விமானம் மழையில் இறங்கியபோது ஓடுபாதையில் நிற்காமல் சறுக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் மோதி உடைந்தது. சிலர் செத்துப்போனார்கள். இவர் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தார். அங்கே இருந்த மருத்துவர் கைகால்களைப் பார்த்துவிட்டு, காயம் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலில் வந்து நின்ற மனிதரை எங்கள் மகள் கௌரி "நைனா" என்று கட்டிக்கொண்டு விடவே இல்லை. நான் நேராகக் கோயிலுக்கு ஓடிக் கற்பூரம் ஏற்றினேன். இனி நமக்கு ஒரு குறையும் இல்லை என்று நினைத்தேன்.

தலை சுற்றுகிறது, இடது காதில் ஏதோ இரைகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பயணக் களைப்பு என்று விட்டுவிட்டோம். ஒரு வாரம் போனதும் எங்கள் பழவேற்காடு ஏரிக்கு மீன் தொழிலுக்குப் போனார். படகில் எழுந்து நின்று வலையைத் தோளில் போட்டவர் அப்படியே சாய்ந்து தண்ணீரில் விழுந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து அந்த ஏரியில் நின்றே பழகிய மனிதரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கரையில் இருந்தவர்கள், பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டான் என்று பேசினார்கள்.

அவர் என்னிடம் மட்டும் சொன்னார். "நான் குடிக்கல தேவகி. உனக்குத் தெரியும்ல? நிக்கத்தான் முடியல."

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். தலையில் பலமாக அடிபட்டதில் காதின் உள்பகுதி கெட்டுவிட்டது, உடம்பு சாயாமல் நிற்கும் நிதானம் அங்கேதான் இருக்கிறது, அது முழுதாகத் திரும்பாது என்றார்கள். எதில் அடிபட்டது என்று கேட்டார்கள். இவருக்குத் தெரியவில்லை. விளக்கு அணைந்தது, புகை வந்தது, யாரோ கத்தினார்கள், அவ்வளவுதான் நினைவில் இருந்தது. அதற்கப்புறம் வெளியே மழையில் நின்றதுதான் தெரியும்.

மீஞ்சூரில் சாந்தகுமாரி என்று ஒரு வக்கீல் அம்மா இருக்கிறார். என் தங்கை அங்கே கம்பெனி வேலைக்குப் போகிறாள், அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். பயணிக்கு உடம்பில் அடிபட்டால் விமானக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னார். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அதைத் தாண்டினால் உரிமை போய்விடும் என்றும் சொன்னார்.

முதலில் கம்பெனிக்குக் கேட்டு எழுதினோம். பதில் வந்தது. உங்கள் கணவர் காயமில்லாமல் தானே நடந்து வந்தார், மருத்துவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார், மீன்பிடிப் படகில் இன்ஜின் பக்கத்திலேயே வருஷக்கணக்காக இருந்ததால் காது கெட்டிருக்கும் என்று எழுதியிருந்தார்கள். தொலைந்த பெட்டிக்கும் பட்ட சிரமத்துக்கும் என்று சொல்லி ஒரு சிறு தொகை தருகிறோம், இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள்.

என் கணவர் போட்டுவிடலாம் என்றார். நான் மாட்டேன் என்றேன். எங்களுக்குள் அப்படி ஒரு சண்டை அதற்கு முன்னால் வந்ததில்லை. நான் விடிவதற்கு முன்பே எழுந்து இறாலும் நண்டும் வாங்கி, பஸ் ஏறி, பொன்னேரி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்று வருவேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கொல்லைக்குப் போகக்கூடக் கௌரியின் தோள் வேண்டும். வெளியே தலை காட்டுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"செத்தவங்க வீட்டுக்கெல்லாம் பணம் குடுத்துட்டாங்களாம். நானும் அங்கயே போயிருந்தா உங்களுக்காவது ஒரு வழி பொறந்திருக்கும்."

கௌரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலில் போய் உட்கார்ந்தேன். அதுவரைக்கும் அம்மனிடம் பணம் கொடு என்று கேட்டிருக்கிறேன், இவரைப் பழையபடி ஆக்கிக்கொடு என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வேறு மாதிரி கேட்டேன். "தாயே, என் புருஷன் பொய் சொல்றவன் இல்ல. அந்த இருட்டுல நீ இருந்திருப்ப, நீ பாத்திருப்ப. கோர்ட்ல வந்து உன்னால சொல்ல முடியாது. பாத்த ஆள் ஒருத்தர எனக்குக் காட்டு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பூசாரி கதவைச் சாத்த வந்தபிறகுதான் எழுந்தேன்.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. வழக்குப் போட்டோம். வாய்தா மேல் வாய்தா. ஆடி வந்தது, கூழ் ஊற்றினோம். எல்லா வெள்ளிக்கிழமையும் அதே வேண்டுதல்தான். சில நாள் வேண்டாமலே அழுதுவிட்டு வந்திருக்கிறேன். நம் குரல் அவளுக்குக் கேட்கவில்லையோ என்றும் நினைத்திருக்கிறேன்.

ஒருநாள் மார்க்கெட்டில் இருக்கும்போது வக்கீல் அம்மா போன் செய்தார். அந்த விமானத்தில் வந்த ஆந்திராக்காரர்கள் சிலருக்கு நாயுடுபேட்டை வக்கீல் ஒருவர் பார்க்கிறாராம். அவரிடம் பேசியபோது ஒரு விஷயம் தெரிந்தது என்றார். மஸ்தானம்மா என்று ஒரு பெண், வீட்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியவள், தன்னைக் காப்பாற்றிய ஒரு பழவேற்காட்டு ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அந்த வக்கீலைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாளாம். அவளுக்கு ஊர் தடா பக்கம்.

தடா எங்கள் ஏரிக்கு அந்தக் கரை. கூடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் நானும் அவரும் போனோம். ஆரம்பாக்கம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பஸ் குலுங்கியதில் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நின்றபோது மஸ்தானம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். இவரைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து, இரண்டு கையாலும் இவர் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்முடு, நீயேதான். உசுரோட இருக்கியா நைனா நீ?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டாள். தம்முடு என்றால் தம்பி.

அன்றைக்குத்தான் என்ன நடந்தது என்று என் கணவருக்கே தெரிந்தது. விமானம் மோதியதும் அவளுடைய பெல்ட் கழற்ற வராமல் இறுகிவிட்டது. பக்கத்து வரிசையில் இருந்த இவர் குனிந்து அதைக் கழற்றியிருக்கிறார். அப்போது மேலே பெட்டி வைக்கிற பலகை பெட்டிகளோடு பெயர்ந்து இவருடைய இடது பக்கத் தலையில் விழுந்திருக்கிறது. மண்டி போட்டு விழுந்தவர் மறுபடி எழுந்து பெல்ட்டைக் கழற்றி, அவளைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். பயப்படாதீர்கள், நான் பழவேற்காடு, என்னைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னாராம். இவருக்கு ஒன்றும் நினைவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டும் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. அவள் ஏற்கெனவே கம்பெனியிடம் பணம் வாங்கிக் கையெழுத்துப் போட்டவள். மகளுக்குக் கல்யாணம் செய்ததில் அது தீர்ந்துவிட்டது. "கண்ணால பாத்தத இல்லன்னு சொல்லமாட்டேம்மா. ஆனா அவங்க குடுத்தத திருப்பிக் கேட்டா நான் இன்னா பண்றது?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்த்த ஆளைக் காட்டு என்று கேட்டேன், அம்மன் காட்டிவிட்டாள். வரவைக்கவும் வேண்டுமே. அந்த வாரம் கோயிலில் மஸ்தானம்மாவின் பயம் போகட்டும் என்றுதான் வேண்டினேன். வக்கீல் அம்மா அவளோடு போனில் இரண்டு மூன்று தடவை பேசினார். நீ வாங்கியது உன்னுடையது, உண்மையைச் சொல்வதால் அதை யாரும் திருப்பிக் கேட்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அப்போதும் அவள் வருகிறேன் என்று சொல்லவில்லை.

சாட்சி விசாரணை நாளன்று சென்னைக் கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். பெயரைக் கூப்பிடும் நேரம் நெருங்கிவிட்டது. படியில் மஸ்தானம்மா மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள். மனசுக்குள் தாயே என்றேன்.

கம்பெனி வக்கீல் அவளை விடவில்லை. புகை இருந்தது, இருட்டு, நீங்கள் பயந்திருந்தீர்கள், இவர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவள் தன் உள்ளங்கையை முகத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாள்.

"இவ்ளோ கிட்ட இருந்துச்சு சார் அவர் முகம். காதுல இருந்து ரத்தம் என் மேல வடிஞ்சிது. எப்படி சார் மறப்பேன்?"

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவர் மேலே இருந்த ரத்தம் கழுவிப் போய்விட்டது என்று அவளே சொன்னாள். காயம் இல்லை என்று எழுதப்பட்டது எப்படி என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரி டாக்டரும் வந்து, இது இன்ஜின் சத்தத்தால் வந்த கேடு மாதிரி இல்லை, அடியால் வந்தது என்று சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்தது. சட்டப்படி சேர வேண்டியது வந்து சேர்ந்தது. வைத்தியம் நடக்கிறது. கௌரியின் படிப்புக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது அம்மன் முன்னால் பொய் ஆகும். அவருடைய காது திரும்பவில்லை. இரைச்சல் இன்னும் இருக்கிறது. மேகம் இருட்டினால் பேச்சை நிறுத்திவிடுவார். ஆனால் செத்திருக்கலாம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து அதற்கப்புறம் வரவில்லை. ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பணத்தைவிட அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். நான் கேட்காமலே அம்மன் கொடுத்தது அது.

விபத்திலும் கடலிலும் அடிபட்டு, கேட்க ஆளில்லாமல் வீட்டுக்குள் அழுதுகொண்டிருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நல்ல வக்கீலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வாருங்கள், நானும் வந்து உங்கள் பக்கத்தில் உட்காருகிறேன். உங்களுக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.