ஆண்டவர் என்ரை எஞ்சினை நிப்பாட்டின நாள்

"உங்கடை பிள்ளைக்கு முன்பல் விழுந்திட்டுதோ, விழேல்லையோ?" என்று ஒரு நேர்ஸ் பிள்ளை என்னிடம் கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. ஏழு வயசு, என்ரை ஒரே பிள்ளை. ஆஸ்பத்திரி விறாந்தையில் எண்ணெய்க் கையோடு நின்று முழித்தேன். சகோதரங்களே, எங்கடை செபக் கூட்டத்தில் எத்தனையோ பேர் தங்களுக்கு ஆண்டவர் செய்ததைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அவர் செய்தது அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

நான் யாரென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. குருநகரில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. பத்து வயசில் கடலுக்குப் போனேன். பதினாறு வயசில் படகு எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவேன். ஒருத்தரும் எனக்குப் பழக்கவில்லை. சத்தத்தைக் கேட்டே இன்ன இடத்தில் இன்ன பிழை என்று சொல்லிவிடுவேன். படித்த எஞ்சினியர்மார் வந்து என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

தொண்ணூறில் சண்டையால் கரையில் இருக்க முடியாமல் போனது. மனிசி திரேசாவையும் மகள் நிர்மலாவையும் கூட்டிக்கொண்டு கோப்பாய்க்கு வந்தேன். படகு இல்லை, கடல் இல்லை. மற்றவன் என்றால் நிவாரண வரிசையில் நின்றிருப்பான். நான் ஆறு மாசத்துக்குள் பெரிய ரோட்டில் கராஜ் போட்டேன். பெற்றோல் இல்லாத காலம் அது. எந்த மோட்டார் சைக்கிளையும், எந்தத் தோட்டத்து வாட்டர் பம்பையும் மண்ணெண்ணெயில் ஓட வைப்பேன். தொடக்குவதற்கு மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல் காபரேட்டருக்குள் விட வேண்டும், பிறகு அது தன்பாட்டில் ஓடும். சத்தமும் புகையும் சொல்லி மாளாது. அளவெட்டியிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். நான் பூட்டிக் கொடுத்த எஞ்சின் நடுவழியில் நின்றது என்று ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம்.

திரேசாவும் எனக்குக் குறைந்தவள் இல்லை. சந்தியில் ஒரு அறை எடுத்துத் தையல் மெசின் போட்டாள். வெள்ளைச் சீருடை தைக்கிறதில் அவளை அடிக்க ஆளில்லை. விடிய நான் போகும்போது அவள் நித்திரை. அவள் வரும்போது நான் நித்திரை. சொல்ல வேண்டியதைச் சமையலறைக் கதவில் வெண்கட்டியால் எழுதி வைப்போம். 'அரிசி முடிஞ்சுது.' 'சைக்கிள் ரியூப் மாத்தினது.' இப்படித்தான் புருசன் பெண்சாதி கதைத்தோம்.

பிள்ளைக்கும் ஒரு ஒழுங்கு வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் திங்கள், புதன், வெள்ளி என்னிடம் கராஜுக்கு வர வேண்டும். செவ்வாய், வியாழன் தாயிடம் போக வேண்டும். எல்லாருக்கும் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். பிள்ளை வருவாள், வாசலில் நின்று ஏதோ சொல்லுவாள், நான் எஞ்சின் சத்தத்துக்குள் நின்றபடி தலையாட்டுவேன். பின்னால் பழைய டயருக்கு மேல் இருந்து படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். ஆறு மணிக்கு கராஜ் பூட்டும்போது வாசலில் நிற்பாள், சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன். வேறு என்ன வேண்டும்?

எங்கள் கரையில் பின்னேரம் விளக்கு வைத்தால் குடும்பமாக முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவோம். ஆளுக்கு ஒரு பத்து மணி. கோப்பாய்க்கு வந்த பிறகு அது விட்டுப்போனது. நேரமில்லை என்றேன். ஆண்டவருக்கு என் உழைப்புத் தெரியும் என்றேன்.

தொண்ணூற்றொன்று, ஐப்பசி மாசம், ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் இரவே திரேசா கதவில் எழுதிவிட்டுப் படுத்திருக்கிறாள்: 'நாளைக்கு எனக்கு உடுப்பெடுக்க ஆக்கள் வருகினம். பிள்ளை உங்களிட்டை.' நான் விடிய இருட்டோடு வெளிக்கிட்டேன். விளக்குக் கொளுத்தவில்லை. வீட்டு விளக்கில் எரிகிற எண்ணெய் ரோட்டில் ஓட வேண்டிய எண்ணெய் என்பது என் கொள்கை. கதவைக் கடந்துதான் போனேன். இருட்டில் எழுத்துக் கண்ணில் படவில்லை.

பத்தரை இருக்கும், ஒரு பம்பைத் தொடக்கிப் பரீட்சித்துக்கொண்டு நின்றேன். அதைத் திருத்தக் கொண்டுவந்த மனுசன் என் தோளைப் பிடித்து இழுத்து, கராஜுக்குப் பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் தள்ளினார். மேலே பொம்பர் பிளேன் இரைந்ததே எனக்குக் கேட்கவில்லை. குண்டு விழுந்து நிலம் அதிர்ந்த பிறகுதான் விளங்கினது. வெளியில் வந்தபோது, பொம்பர் சத்தத்துக்குப் பள்ளிக்கூடம் கலைத்துவிட்டார்கள் என்று ரோட்டால் போனவர்கள் சொன்னார்கள். இன்றைக்கு வியாழன், பிள்ளை தாயிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். திரும்பவும் பம்பைத் தொடக்கினேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் செய்தேன்.

ஒரு மணிக்குத் திரேசா, வழக்கமில்லாதபடி, சாப்பாட்டுக் கரியரோடு சைக்கிளில் வந்தாள். ஏதோ கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் கிட்ட வந்து என் கையைத் தட்டினாள். எஞ்சினை நிறுத்தினேன்.

"பிள்ளையைக் கூப்பிடுங்கோ, சாப்பிடட்டும்" என்றாள்.

"பிள்ளை உன்னோடை எல்லோ."

"கதவிலை எழுதினனான்."

"நான் பாக்கேல்லை."

அவள் கரியரைப் பிடித்தபடி எண்ணெய் மண்ணில் அப்படியே குந்திவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். படலை பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டு மனிசி, குண்டு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போற ஒழுங்கைப் பாதையில்தான் விழுந்தது, காயப்பட்ட ரெண்டு மூன்று பிள்ளைகளை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள் என்றா. "உங்கடை பிள்ளை ஆரோடை திரியிறவள்? அந்த வீட்டை கேட்டுப் பாருங்கோ" என்றும் சொன்னா. நான் திரேசாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் பிள்ளையின் ஒரு சிநேகிதியின் பெயர்கூட இரண்டு பேருக்கும் தெரியாது.

திரேசாவை வீட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு என் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். ஹெலிகொப்டர் ஒன்று தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. மரத்துக்குக் கீழே நில், மதிலோடு ஒதுங்கு என்று சனம் கத்தியது. நான் ஒதுங்கவில்லை.

ஒரு கட்டிலில் வெள்ளைச் சட்டையோடு ஒரு பெண்பிள்ளை. முகம் முழுக்கக் கட்டு. நினைவில்லை. பெயர் தெரியாது என்றார்கள். அப்போதுதான் அந்த நேர்ஸ் பிள்ளை என்னைக் கேட்டது. "இந்தப் பிள்ளைக்கு மேல் முன்பல் ரெண்டும் இல்லை, ஐயா. உங்கடை பிள்ளைக்கு?" யோசித்தேன். சிரிக்கிற முகம் ஒன்று வந்தது. அது நாலு வயசு நிர்மலா. அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லைப் போல. "கால், கையிலை ஏதும் தழும்பு?" தெரியாது. போர்வைக்கு வெளியே நீட்டிக் கிடந்த சின்னப் பாதங்களைப் பார்த்தேன். என்ரை பிள்ளையின் பாதங்களோ இல்லையோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விறாந்தையில் முழங்காலில் விழுந்தேன். முதலில் என் குணம்தான் வந்தது. "ஆண்டவரே, கோயில் மணிக் கயிறு அறுந்த நேரம் ஏறிக் கட்டினது நான்தான். மறந்துபோனீரோ?" என்றேன். பிறகு, "இது என்ரை பிள்ளை இல்லை எண்டு சொல்லும்" என்றேன். சொன்னதும் நாக்கு நின்றுவிட்டது. என்ரை பிள்ளை இல்லையென்றால் இன்னொருத்தன்ரை பிள்ளை. நான் என்ன கேட்கிறேன்? செபமாலை சொல்லலாம் என்று தொடங்கினால் பாதி வழியில் வார்த்தை வரவில்லை. கடைசியில் என்னிடம் மிஞ்சினது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு என்ரை பிள்ளையைத் தெரியாது, ஆண்டவரே. உமக்குத் தெரியும். இந்தக் குழந்தையையும் காப்பாற்றும். என்ரை பிள்ளை எங்கை எண்டும் காட்டும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் ஓடி வந்தா. கட்டிலுக்குக் கிட்ட வரவில்லை. வாசலில் நின்று அந்தப் பாதத்தை ஒருதரம் பார்த்தா. "என்ரை ராசாத்தி" என்று விழுந்தா. அவவுக்கு முகம் தேவைப்படவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்து எழும்பி இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பாய்க்குத் திரும்பினேன். எங்கே தேடுவதென்று தெரியாது. ரோடு வெறிச்சென்று கிடந்தது. வெங்காயத் தோட்டம் தாண்டி ஒரு ஒழுங்கை முகப்பில் எஞ்சின் இரண்டுதரம் இருமி நின்றுவிட்டது. என்ரை கையால் பூட்டின எஞ்சின். உதைத்தேன். பெற்றோல் சொட்டு விட்டு உதைத்தேன். உயிரில்லை. அழுதுகொண்டு அதைத் தள்ளத் தொடங்கினேன்.

அந்த அமைதியில்தான் கேட்டது. நிலத்துக்குக் கீழிருந்து வருகிற மாதிரிச் சின்னப் பிள்ளைகளின் குரல். மாதா செபம். ஒரு குரல் முதல் பாதியைச் சொல்ல, மற்றக் குரல்கள் தட்டித் தடுமாறி மறுபாதியைச் சொல்கின்றன. சைவ வீடுகள் மட்டுமே இருக்கிற ஒழுங்கை அது. முதல் பாதி சொல்கிற குரல் எனக்குத் தெரிந்தது. பல் தெரியாத எனக்கு, கால் தெரியாத எனக்கு, அந்தக் குரல் தெரிந்தது.

மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓடினேன். தென்னங்குற்றி அடுக்கின பங்கருக்குள்ளிருந்து நெற்றியில் திருநீறோடு ஒரு மனிசி தலையை நீட்டினா. பரமேஸ்வரி என்று பெயர். தோட்டக்காரர் வீடு. அவவின் இரண்டு பிள்ளைகள், நடுவில் என்ரை நிர்மலா.

"ஹெலி நிண்டுட்டுதோ, அண்ணை? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத்தான் வெளிக்கிட்டனான், உது விடேல்லை" என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணை, நீங்கள் தேடினீங்களோ? உங்களிட்டையோ தாயிட்டையோ சொல்லிப்போட்டுத்தானே ஒவ்வொரு நாளும் வாறவள்" என்றா.

"எத்தினை நாளாய்?"

"சித்திரையிலையிருந்து வாறாள். மத்தியானம் இஞ்சை சாப்பிட்டு, என்ரை பிள்ளையளோடை படிச்சு, பின்னேரம் நான்தான் கராஜ் வாசல் மட்டும், இல்லையெண்டால் தையல் கடை மட்டும் கொண்டுவந்து விடுறனான். அவளின்ரை அம்மாவும் ஓம் எண்டவவாம்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் பரமேஸ்வரியைப் பார்த்துச் சொன்னாள்: "இண்டைக்கும் வந்து சொன்னனான். பள்ளிக்கூடம் விட்டிட்டினம், பரமேஸ்வரி மாமி வீட்டை போறன் எண்டு. அப்பா தலையாட்டினவர்."

காலமை புகைக்குள் வாசலில் வெள்ளையாக ஏதோ அசைந்தது நினைவுக்கு வந்தது. தலையாட்டினதும் நினைவுக்கு வந்தது. தையல் மெசின் சத்தத்துக்குள் திரேசாவும் அப்படித்தான் தலையாட்டியிருப்பாள்.

கையை நீட்டினேன். அவள் வரவில்லை. பரமேஸ்வரியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமி, நான் இஞ்சையே நிக்கிறன்" என்றாள். மேல் முன்பல் இரண்டும் புதிதாக முளைத்து அரைவாசி வளர்ந்திருந்தன.

அந்த மனிசி கெட்டிக்காரி. "இப்ப வீட்டை போட்டு நாளைக்கு வாடி. அப்பா அழுறார், பார். இவ்வளவு பெரிய மனுசன் அழுதால் வடிவில்லை" என்று சிரித்துச் சிரித்து அவளை என் கையில் பிடித்துத் தந்தா. ஒழுங்கை முகப்புக்கு வந்து மோட்டார் சைக்கிளை ஒருதரம் உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. பிறகு கழற்றிப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை, ஒரு பிழை இல்லை. எஞ்சினைப் பற்றி என்னிடம் கதைக்க யாழ்ப்பாணத்தில் ஆளில்லை. நான் சொல்கிறேன், அது தானாக நின்ற எஞ்சின் இல்லை.

வீட்டில் திரேசா பிள்ளையைக் கண்டதும் மடியில் போட்டுத் தலை முதல் கால் வரை தடவித் தடவிப் பார்த்தாள். எதையோ பாடமாக்குகிற மாதிரி இருந்தது. அடுத்த நாள் இரண்டு பேரும் பரமேஸ்வரி வீட்டுக்குப் போனோம். திரேசா தன் கையால் தைத்த சட்டைகளை அவவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். "எனக்கெதுக்கு? வாய்க்கு ருசியாய் ஒரு மீன் குழம்பு வையும், வாறம்" என்றா அவ. வந்து சாப்பிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் சொந்தம் அவர்கள்தான்.

ஆனால் ஆண்டவர் பிள்ளையைக் காட்டினாரே தவிர, பிள்ளை எனக்குக் கிடைக்கவில்லை. கராஜை ஒன்றரை மணிக்குப் பூட்டிப் பின்னேரம் திறக்கத் தொடங்கினேன். வந்தவர்கள் முறைத்தார்கள். "அண்ணைக்குக் காசு கூடிப்போச்சு" என்று நக்கலடித்தார்கள். எனக்கென்ன, என்னை விட்டால் அவர்களுக்கு வேறு ஆளில்லை. பள்ளிக்கூடப் படலையில் போய் நிற்பேன். அவள் என்னைக் கண்டதும் பத்தடி முன்னால் நடப்பாள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போவேன். திரேசாவும் தையலை நேரத்தோடு முடித்து வர, விளக்கு வைத்ததும் மூன்று பேரும் முழங்காலில் நிற்போம். மறந்துபோன இடத்தில் அவள்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். நடக்கும்போது மனதுக்குள் ஒரே செபம்: "ஆண்டவரே, அவளை ஒருக்கால் திரும்பிப் பார்க்கச் சொல்லும்."

ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள், அவள் நடையைக் குறைத்தாள். சைக்கிளுக்குப் பக்கத்தில் வந்தாள். தன்னுடைய பென்சில் அழிறப்பரைப் பக்கத்துப் பிள்ளை எடுத்ததையும், ரீச்சர் கேட்டதையும், அந்தப் பிள்ளை இல்லையென்று சொன்னதையும், பிறகு அது சட்டைப் பைக்குள் இருந்ததையும் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்லக் கதை நீண்டுகொண்டே போனது. வீட்டுப் படலை வந்துவிட்டது. உள்ளே போனால் கதை முடிந்துவிடும் என்ற பயத்தில் நான் படலையைத் திறக்காமல் நின்றேன்.

சகோதரங்களே, பிள்ளைகளுக்காகத்தான் ஓடுகிறோம் என்று நீங்களும் சொல்லுவீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். உங்களுக்கு நேரமில்லையென்றால், அதையே அவரிடம் சொல்லிக் கேளுங்கள். வாயால் வராவிட்டாலும் முழங்காலில் நின்று கேளுங்கள். என்னைப் போல ஒரு தலைக்கனம் பிடித்தவனுக்கே இரங்கினவர், உங்களைக் கைவிடமாட்டார்.

அன்றைக்கு அந்தப் படலையில் அரை மணித்தியாலம் வெயிலில் நின்றோம். "பிறகு?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்.