ஒன்பதாவது தட்டு

கலியாணத் தட்டுகளை எண்ணிப் பார்க்க அன்று ரொறொன்ரோவில், மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டில் அம்மா, அப்பா, அக்கா, அத்தான், நான் என எல்லோரும் இருந்தோம். எனக்குப் பேசியிருந்த பெண் மட்டும் இல்லை. அவள் ஆம்ஸ்டர்டாமில், மேசையில் சாய்த்து வைத்த கைபேசிக்குள் இருந்தாள்.

தட்டுகள் ஒற்றை எண்ணில் வரவேண்டும். எட்டை அக்கா சோடித்துவிட்டாள். ஒன்பதாவதில் நான் பிளாஸ்டரில் செதுக்கியது இருந்தது: அவள் வேலை செய்யும் பழைய கால்வாய்க் கரை வீட்டின் முகப்பு, ஐம்பதில் ஒரு பங்கு அளவில். உச்சியில் மணிபோல வளைந்த முகடு, அதிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் மர உத்திரம், அதில் ஒரு கொக்கி. படிக்கட்டு ஒடுக்கமென்று தளபாடங்களை அந்தக் கொக்கியில் கட்டித்தான் யன்னல் வழியாக ஏற்றி இறக்குவார்களாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அளவு பிழைத்தால் படிப்புக்கே வெட்கம் என்று நினைத்தேன். எட்டு மாதமாக மதிய இடைவேளையில் குளிருக்குள் நின்று அவள் எனக்காக அளந்தாள். ஒருநாள், "கொக்கிக்குக் கீழ இருக்கிறது என்ர யன்னல்," என்றாள்.

"அகலம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

தட்டுகளை எண்ணி முடிந்ததும் கைபேசியை அந்த முகப்பின் பக்கம் திருப்பினேன். "பொம்பிளையோட வீடும் வருது. கஸ்டம்ஸில மறிக்கப் போறாங்கள்," என்றார் அத்தான்.

"கனடா எண்டால் ஆர் வேண்டாம் எண்டுவினம்?" என்று அம்மா சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. முகப்பையே பார்த்தாள். "அச்சொட்டா அப்பிடியே இருக்கு," என்றாள். பிறகு என்னிடம், "யன்னல் எவ்வளவு அகலம் எண்டு எத்தினை தரம் கேட்டியள். அதை விட்டிட்டு வர விருப்பமோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லையே."

நான் அங்கே போகலாம் என்பது என் தலைக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

அப்பாதான் கேட்டார்: "பிள்ளை, நீங்கள் உங்கையே, ஆம்ஸ்டர்டாமிலயே இருக்கப் போறியளோ?"

அதுவரை அவரை மாமா என்று கூப்பிட்டவள், "ஓம் அங்கிள்," என்றாள்.

மறுநாள் கலியாணத்துக்குப் பதிந்திருந்த மண்டபத்தில் ரத்துப் பத்திரத்தை நீட்டினார்கள். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன். அவளுடைய யன்னல் தொண்ணூற்றிரண்டு சென்ரிமீற்றர், அது மறக்கவில்லை. திரும்பி வராத மண்டப முற்பணம், படமெடுப்பவரின் முற்பணம், பிளாஸ்டர் எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்து நானூற்றுப் பதினெட்டு டொலர்.