கலர் அக்காவும் கறுப்பு வெள்ளைப் படங்களும்

பெயின்ட் கடையில் அவளைக் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்கு வரும் பெயின்டர்கள் வைத்த பெயர் அது. முதலாளிகூடச் சில சமயம் வாய் தவறி, "கலர் அக்கா, இங்க வாம்மா" என்பார். ஷேடு கார்டில் வாடிக்கையாளர் விரல் வைக்கும் நிறத்தை மெஷினில் கலந்து, டப்பாவைக் குலுக்கி, மூடியின் மேல் ஒரு பொட்டு தடவிக் கொடுப்பது அவள் வேலை. கணவனுக்கு ஒரு மஞ்சள் பிடிக்கும், மனைவிக்குப் பக்கத்து மஞ்சள் பிடிக்கும், கூட வந்த மாமியார் மஞ்சளே வேண்டாம் என்பார். மூன்று பேரையும் சிரித்த முகத்தோடு ஒரே டப்பாவோடு அனுப்பிவைக்கும் சாமர்த்தியம் அவளுக்கு இருந்தது.

அப்படிப்பட்டவள் நிறமே இல்லாத படங்களில் போய் விழுந்ததற்குக் காரணம் மகளின் பல்.

மகளுக்கு முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருந்ததால் கம்பி கட்டியிருந்தார்கள். மாதம் ஒருமுறை அதை முறுக்கிவிடப் பல் டாக்டரிடம் போக வேண்டும். காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டியும், அட்டை கிழிந்த வார இதழ்களும், யாருமே தொடாத கனத்த புத்தகம் ஒன்றும் இருந்தன. முதல் தடவை மகள் உள்ளே போனதும், பொழுது போகாமல் அந்தப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளை. மலை, மேகம், தண்ணீர், வெறும் மேடு. மனிதவாடையே இல்லை. கலரில் அச்சடிக்க மனம் வராத கஞ்சன் யாரோ போட்ட புத்தகம் என்றுதான் முதலில் நினைத்தாள்.

நடுவில் ஒரு பக்கத்தில் கை நின்றுவிட்டது. ஒரு நீர்த்தேக்கம். கரையோரத்தில் தண்ணீர் கன்னங்கரேலென்று கிடந்தது. போகப் போகக் கறுப்பு கரைந்து, சாம்பலாகி, வெளுத்து, எது தண்ணீர் எது வானம் என்று தெரியாமல் போயிற்று. இலை கொட்டிய மரம் ஒன்று தண்ணீருக்குள் நின்றது. அதற்குப் பின்னால் படுத்திருக்கும் எருமை மாதிரி ஒரு மலை. அவளுக்குத் தெரிந்த சாம்பல் நிறங்கள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன. தெரியாதவையும் இருந்தன.

மகள் வந்து தோளைத் தட்டினாள். "அம்மா, முடிஞ்சுது. போலாம்."

"அதுக்குள்ளயா?"

"அதுக்குள்ளயாவா? எனக்கு உள்ள உயிர் போயிட்டு வந்துச்சு!"

அதற்குப் பிறகு மாதா மாதம் மகள் வாயைத் திறப்பாள், அம்மா புத்தகத்தைத் திறப்பாள். ஒருவழியாகக் கம்பியைக் கழற்றிய அன்று மகள் வழியெல்லாம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகம்தான் வாடிவிட்டது.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. எந்தக் கோளாறும் இல்லாத தன் பல்லைக் காட்டுவதாகச் சொல்லி நேரம் வாங்கினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைவாயில் ஒரு சொத்தை இருப்பதாகச் சொன்னார். இன்னும் சில தடவை வர வேண்டுமாம். அவள் முகம் பளிச்சென்று மலர்ந்ததைப் பார்த்து டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சொத்தைன்னு சொன்னா இப்படிச் சந்தோஷப்படற ஆளை நான் பாத்ததே இல்லையேம்மா."

மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அவள் புத்தக விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "என் தம்பி வாங்கிக் குடுத்தது. நானே அதைத் தொறந்து பாத்ததில்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, மெதுவா கொண்டு வாங்க. ஆனா சொத்தையை அடைக்கணும், அதுல மாத்தம் இல்ல."

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக்குழியில் கம்பிவடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவர். சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருந்த படத்தை எட்டிப்பார்த்து, "என்னது, பழைய டிவியில ஆன்டெனா விழுந்த மாதிரி இருக்கு?" என்றார்.

"கையைக் கழுவிட்டு வந்து பாருங்க. கிரீஸ் ஒட்டிடப் போகுது."

கையைக் கழுவிவிட்டு வந்தவர் படத்தின் மேல் குனிந்து பார்த்தார். பிறகு, "இரு இரு. இந்த மலை எனக்குத் தெரியும்" என்றார்.

"விளையாடாதீங்க."

"நெசமாத்தான். ஒரு ஆஸ்பத்திரியில லிஃப்ட் மாட்டினோமே, அந்த மொட்டைமாடியில நின்னுதான் தினமும் சாப்பிடுவேன். எதிர்க்க இதேதான், எருமை படுத்திருக்கற மாதிரி."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இருவரும் பைக்கில் கிளம்பிவிட்டார்கள். நீர்த்தேக்கக் கரையில் போய் இறங்கியதும் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மலை இருந்தது, மரமும் இருந்தது. கூடவே ஒரு பெட்ரோல் பங்க், வீட்டுமனை விற்கும் பலகை, மரத்துக்குப் பக்கத்திலேயே சிவப்பும் வெள்ளையுமாக ஒரு செல்போன் டவர். கரையெல்லாம் தண்ணீர் பாட்டில்கள்.

"நல்லா ஏமாத்திட்டாரே உன் போட்டோக்காரர்" என்றார் கணவர்.

ஆனால் மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? டவர் துருவேறிய பழைய டவர், படம் எடுத்தபோதும் நின்றிருக்க வேண்டும், பிறகு எப்படிப் படத்தில் விழவில்லை? அவர் இந்தப் பக்கம் நகர்ந்தார், அந்தப் பக்கம் நகர்ந்தார், குந்தினார். கடைசியில் சரிவில் இறங்கிக் குப்புறப் படுத்துவிட்டார்.

"ஏய், ஓடி வா! டவர் அடிமரத்துக்குப் பின்னால ஒளிஞ்சுடுச்சு!"

"சட்டையெல்லாம் சேறுங்க..."

"சட்டை கிடக்குது. நீ வந்து படு முதல்ல."

அவளும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்தாள். பங்க் மேட்டுக்கு அப்பால் போயிருந்தது. பலகை இல்லை. டவர் இல்லை. தண்ணீர், மரம், மலை, அவ்வளவுதான். படத்தை எடுத்தவர் இதே சேற்றில் இதே மாதிரி வயிறு நனையக் கிடந்திருக்கிறார் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. சிரிப்பை அடக்கமுடியாமல் கணவரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாருங்க அது? என்ன, மயக்கமா?" என்று மேலிருந்து ஒரு குரல். நீரேற்றும் நிலையத்தின் காவலாளி கையில் தடியோடு நின்றுகொண்டிருந்தார். இருவரும் பதறி எழுந்து விஷயத்தைச் சொன்னார்கள்.

"ஓ, தொப்பிக்காரரா!" காவலாளி தடியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். "வருஷம் தவறாம வருவாருங்க. நீங்க கிடந்த எடத்துலதான் அவரும் கிடப்பாரு. முதல் தடவை நான் ஆம்புலன்ஸுக்கே போன் பண்ணிட்டேன். நாள் பூரா கிடந்துட்டு ஒரு படம்கூட எடுக்காமக் கிளம்புவாரு. என்ன சார், ஒண்ணும் சிக்கலையான்னு கேட்டா, வானம் இன்னும் வரலைன்னுவாரு. அன்னிக்கெல்லாம் வானம் பளபளன்னு மேலதான் இருக்கும்!"

அவளுக்கு அது புரிந்தது. கடையில் மூடியின் மேல் தடவிய பொட்டைப் பார்த்து, "இன்னும் வரலை" என்று அவளும் ஒரு துளி கூட்டுவாளே. காவலாளி தொப்பிக்காரரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் உச்சி வெயில் ஏறும்வரை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைவாயை அடைத்த அன்று புத்தகத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள். மீன்தொட்டிக்குப் பக்கத்தில் டாக்டரே அதை வாங்கிப் புரட்டிக்கொண்டு நின்றதில் உள்ளே ஒரு நோயாளி வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். பிறகு மகள் இணையத்தில் தேடிப்பிடித்து அந்த நீர்த்தேக்கத்துப் படத்தை வரவழைத்தாள். அது கூடத்துச் சுவரில் ஏறியது. சுவருக்கு எந்த வெள்ளை என்று முடிவு செய்ய அவள் எடுத்துக்கொண்ட நாட்களைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் பொறுமை போய்விட்டது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் பைக் எங்காவது கிளம்பிவிடுகிறது. ஒரு கல்குவாரி, ஒரு பழைய பாலம், அறுவடை முடிந்த வயல். இருவரும் குனிகிறார்கள், குந்துகிறார்கள், கணவர் யாரும் சொல்லாமலே படுத்துக்கொள்கிறார். கையில் கேமரா கிடையாது.

"போட்டோவும் எடுக்கறதில்ல, அப்படி என்னதான் பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று மகள் கேட்டாள்.

"பாத்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டு அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் கணவர் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பியிருந்தார்.