மச்சினன் ஒளித்த செருப்பு

வ. புதுப்பட்டியில் என் மாமனார் வீடு. கல்யாணமான நாளிலிருந்தே, அங்கே போய்விட்டுக் கிளம்பும்போது என் செருப்பு வாசலில் இருக்காது. மனைவியின் தம்பி எங்காவது ஒளித்திருப்பான். வைக்கோல் போரில், மாட்டுத் தொட்டிக்குப் பின்னால், ஒரு தடவை முருங்கைக் கிளையில். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேடுவேன்.

"என்ன மச்சான், கோழி முட்டையா தேடுதீரு?"

"ஏலே, ஒங்கக்காளக் கட்டுனதுக்கு இன்னும் எம்புட்டு நாளைக்கிலே தண்டன?"

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் சிரித்தால் கண்மாய்க் கொக்கெல்லாம் கிளம்பிவிடும் என்று அந்தத் தெருவில் பேச்சு.

போன மாசியில் அவள் இறந்தாள். நான் அழவில்லை. சிரிப்பும் வரவில்லை. ராஜபாளையத்தில் மில்லில் டீ குடிக்கும்போது எல்லாரும் சிரிக்க, நான் சும்மா நிற்பேன். "அண்ணாச்சி மூஞ்சில கரண்டு கட்டுப்பா," என்றான் ஒருவன். நல்ல கேலிதான், எனக்கே தெரிந்தது. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். தொடுவது விரலுக்குத் தெரியும், ஈறுக்குத் தெரியாது. அப்படி இருந்தது.

எங்களுக்குப் பிள்ளையில்லை. அந்த வீட்டோடு எனக்கு மிச்சமிருந்தது மச்சினனின் கேலி ஒன்றுதான்.

ஆடியில் போனேன். சாப்பிட்டுக் கிளம்பினால் செருப்பைக் காணோம். செத்த நேரம் வாசலைப் பார்த்தேன். பிறகு வெறுங்காலோடு நடந்துவிட்டேன். தார் ரோடு கொதிக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தத்துக்கு மச்சினன் பைக்கில் வந்தான், கையில் செருப்போடு.

"எங்கலே செருப்புன்னு ஒரு வார்த்த கேட்டா என்ன மச்சான்?"

"கேக்கத் தோணல."

"கோவமா?"

"இல்ல மாப்ள."

திட்டியிருந்தால் தெளிந்திருப்பான். குனிந்து செருப்பை என் காலருகே வைத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அவனுக்காக உதட்டை விரித்துக் காட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாமியாருக்குச் சுகமில்லை என்று ஐப்பசியில் மறுபடி போனேன். மச்சினன் நாற்காலி எடுத்துப் போட்டான். அங்கே மழை எப்படி, மில்லில் வேலை எப்படி என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டான். பொழுது சாயக் கிளம்பினேன். வாசலுக்கு வந்ததும் என் கண் மாட்டுத் தொட்டிப் பக்கம் போனது.

செருப்பு வாசலிலேயே இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, போட்டுக்கொள்ள வசதியாகத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான்.