நவாப் காலத்து வீட்டில் ஒரு கக்கூஸ்

எங்கள் வீட்டுக்கு ஒரே காலையில் நூறு வயசு கூடிப்போச்சு. கூட்டியவர் என் வீட்டுக்காரர்.

ஆரணிக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். பேர் சொல்ல மாட்டேன், நாளைக்கு அங்கேதான் நான் வரி கட்டணும். பேரூராட்சியிலிருந்து கழுத்தில் அட்டை மாட்டிய ரெண்டு பேர் வந்து டேப்பை இழுத்துச் சுவரை அளந்தார்கள். அந்த ஆபீஸ் ஆள் டேப்போடு வந்தால் வீட்டு வரி ஏறப்போகிறது என்று அர்த்தம். வேறு எதற்கும் அவர்கள் எங்கள் தெருவை மிதித்து நான் பார்த்ததில்லை. இவர் தறியிலிருந்து எழுந்து ஓடினார்.

"இன்னா சார், இதைப் போய் அளந்துகினு! நவாப் காலத்து வீடு சார். எப்ப உழுமோன்னு பயந்துகினு கீறோம்."

வீட்டைக் கட்டியது இவருடைய தாத்தா. வந்தவர்கள் முகமெல்லாம் பல்லாக எழுதிக்கொண்டு போனார்கள். வரி குறைந்துவிட்டது என்று இவர் அன்றைக்கு மட்டன் வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் காகிதம் வந்தது. எங்கள் வீடு பாரம்பரியக் கட்டடமாம். அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாதாம். வரி ஒரு பைசா குறையவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது வரிக்காக இல்லை. என் மாமியாருக்கு முட்டி தேய்ந்துவிட்டது. பின்கட்டில் இருப்பதோ குந்தி உட்காருகிற கக்கூஸ். உட்கார்ந்தால் எழுந்துகொள்ள முடியாது. உள்ளேயிருந்து கூப்பிடுவார்கள், நான் தறியை விட்டுவிட்டு ஓடி, அக்குளில் கை கொடுத்துத் தூக்குவேன். மருமகளைக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். காப்பி வேண்டாம், ரசம் வேண்டாம். உதடு வெடித்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் ஆரணிக்குப் போய் வெஸ்டர்ன் பீங்கான் ஒன்று வாங்கி வந்திருந்தோம். காகிதம் வந்த பிறகு அது அட்டைப் பெட்டியோடு தறி பக்கத்திலேயே குந்திக்கொண்டது.

ஆபீசுக்குப் போய் அனுமதி கேட்டேன். பாரம்பரியத்தைக் கவனிக்கிற அதிகாரி நல்ல வாட்டசாட்டமான ஆள்.

"பின்கட்டுச் சுவர்ல கைய வெச்சா அதோட தொன்மை போயிடும்மா."

"எங்க மாமியாரும் தொன்மைதான் சார். அவங்களையும் சேத்துக் காப்பாத்துங்களேன்."

"அது எங்க லிமிட்ல வராதும்மா" என்றார். கோபத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் ஃபேன் வேகத்தைக் கூட்டினார்.

பிறகு 'பாரம்பரியக் கட்டடம்' என்று வாசலில் போர்டு மாட்டுகிற விழா வந்தது. பந்தல், மைக், பேரூராட்சித் தலைவருக்குச் சால்வை. எங்கள் வாசக்காலில் தேக்கில் செதுக்கிய தாமரை ஒன்று உண்டு. சரியாக அதன் நடுவில் டிரில்லிங் மெஷினை வைத்தார்கள். மரம் நீளமாகப் பிளந்தது. 'இக்கட்டடத்தைச் சேதப்படுத்துவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று போர்டு சொன்னது. சேதப்படுத்தினவர் ஏணியிலிருந்து இறங்கி போண்டா கேட்டார்.

ரெண்டு டீக்குப் பிறகு அந்த அதிகாரி இவர் காதில் என்னமோ சொன்னார். இவர் பின்கட்டைக் காட்டினார். தலைவர் பேசி முடித்தார், கை தட்டினோம், அதிகாரியை மட்டும் காணவில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது, "யாருங்க அங்க? கொஞ்சம் வாங்களேன்."

இவரும் டிரில்லிங்காரரும் போய்த் தூக்கினார்கள். பேன்ட் ஓரம் நனைந்து, முகம் சிவந்து வந்து நின்றார் மனுஷன். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த என் மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"ஏன் தம்பி, சுவத்தைப் புடிச்சிகினு எழுந்துக்கக் கூடாது? தொன்மை போயிடும்னு உட்டுட்டியா?"

பந்தலே சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த டீ பாதி கொட்டிவிட்டது.

அதுவரை அசையாத சுவர் ஜல்தியாக அசைந்தது. பார்வையாளர் வசதிக்காக ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை கட்டலாம் என்று உத்தரவு வந்தது. பேரூராட்சியே கட்டியது. பீங்கான் மட்டும் எங்களுடையதை எடுத்துக்கொண்டார்கள். போகும்போது கதவில் சிவப்புப் பெயின்டில் எழுதிவிட்டுப் போனார்கள்: 'பார்வையாளர்களுக்கு மட்டும்'.

மறுநாள் காலையில் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கே போனார்கள். இவர் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்.

"அம்மா, கதவுல எழுதிக்கீறான், பாக்கலியா?"

"எழுதுனவன் தெனம் காலையில வந்து என்னைத் தூக்கி உடட்டும்டா. அப்புறம் படிக்கிறேன்."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பழக்க தோஷத்தில் நான் வெளியிலேயே கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவே இல்லை. தானே எழுந்து, தானே கதவைத் திறந்து, புடவையை உதறிவிட்டு வந்தவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"இன்னாடி இங்க நின்னுகினு கீற? போய்த் தறியில உக்காரு."