உறுமியவள் பெயர் பியூலா

போன செவ்வாய்க்கிழமை காலை, சிறுசேரி போகும் கம்பெனி பஸ்ஸில் இருந்தபோது செய்தி வந்தது. எங்கள் பழைய பேண்டின் டிரம்மர் கார்த்திக் அனுப்பியிருந்தான். 'நம்ம குயில் பறந்து போயிடுச்சு மச்சான்.' கூடவே மூன்று கும்பிடும் கைகள். மூளையில் ரத்தக் கசிவு, முப்பத்தெட்டு வயது என்ற விவரமெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. குயிலாம்! பியூலா டெத் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை பாடியவள். அடிவயிற்றிலிருந்து உறுமுவாள், கேட்டவர்களுக்கு அடுத்த வேளைச் சோறு இறங்காது. அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் 'தேன்குரல்', 'தேவதை' என்று ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது காதைப் பொத்திக்கொண்டவர்களும் இதே நீங்கள்தான்.

நானும் அவளும் ஒரே அலுவலகத்தில் டெஸ்டிங் வேலை பார்த்தோம். ஆண்டு விழாவில் "ஒரு மெலடி பாடுங்க பியூலா" என்று மேடையேற்றினார்கள். சர்ச் பாடகர் குழுவில் இருப்பவள், குழைந்து பாடுவாள் என்று நம்பிக்கை. அவள் உறுமினாள். முடிந்ததும் மேனேஜர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். "தொண்டையில எதாவது பிரச்சனையாம்மா? பால்ல மிளகு போட்டுக் குடிங்க." "தொண்டை நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க காதை டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள். அன்றைக்கே அவளை எங்கள் பேண்டில் சேர்த்துக்கொண்டேன். கிடார் வாசித்த நான் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது.

வீட்டில் பயிற்சி செய்ய முடியாது, பேண்டில் பாடுகிறேன் என்று சொன்னாளே தவிர, உறுமுவதை அம்மாவிடம் அவள் சொல்லவே இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து, கட்டிய புடவையோடு கோவளத்துக்கு வந்துவிடுவாள். அலையைப் பார்த்து நின்று உறுமுவாள். ஒருநாள் மீன் விற்கும் அக்கா ஒருவர் ஒப்பாரி என்று நினைத்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"இன்னாமா, வூட்ல யாருனா பூட்டாங்களா?"

"இல்லக்கா, பாட்டு."

அந்த அக்கா சிரிக்கவில்லை. "வயித்துலேர்ந்து வருதே, வலிக்காதா?"

"மூச்சை ஒழுங்கா இழுத்தா வலிக்காதுக்கா."

அவள் கலையைப் பற்றி யாராவது கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். தொடங்குமுன் மூக்கால் இரண்டு குட்டி மூச்சு, வாயால் ஒரு நீள மூச்சு, அதில் லேசாக ஒரு விசில் சத்தம். அதைச் சொல்லி நாங்கள் கிண்டல் செய்வோம்.

ஒரு கல்லூரி விழாவில் சவுண்ட் பார்த்தவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெண்ணுக்கு இப்படிக் குரல் வராது, ஏதோ மெஷின் என்று முடிவு கட்டி, கையும் களவுமாகப் பிடிக்கப் பாட்டின் நடுவே அவள் மைக்கை அணைத்துவிட்டார். பியூலா எங்களை வாசிக்காதீர்கள் என்று கைகாட்டி நிறுத்தினாள். மேடை விளிம்புக்கு வந்து, மைக் இல்லாமல் மிச்சப் பாட்டைப் பாடி முடித்தாள். கீழே இறங்கியதும் அந்த ஆள் கேட்டது என்ன தெரியுமா? "அந்த மெஷினை எங்க மேடம் வெச்சிருக்கீங்க?"

இவரைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு மாடி அறையில் ஆறு பாட்டுப் பதிவு செய்து இணையத்தில் போட்டோம். பெயர்கள் எழுதும்போது கார்த்திக் சொன்னான், "பொண்ணு பேரு போட்டா எவனும் நம்ப மாட்டான் மச்சான். மெஷின்னுவான்." நான் தலையாட்டினேன். "என் பேரைப் போடு. நம்பாதவன் நம்பாம போகட்டும்," என்றாள் பியூலா. அடுத்ததில் போடலாம் என்றேன். 'யார் இந்த அண்ணா, மிரட்டுறாரே' என்று கேட்டவர்கள் எழுதினார்கள். அவள் அதைச் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினாள். அப்புறம் அவள் பயிற்சிக்கு வருவது குறைந்தது, பிறகு வரவே இல்லை. அடுத்தது என்று ஒன்று நடக்கவும் இல்லை.

தாம்பரத்தில் துக்க வீட்டில் போதகர் அவளுடைய மென்மையான குரலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கார்த்திக் என் காதருகே வந்தான். "அந்தப் பாட்டையெல்லாம் அவ போட்டோ போட்டு மறுபடி விடலாம் மச்சான். இப்ப நல்லா போகும்." அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தள்ளிப் போய் நின்றேன். அங்கே பியூலாவின் அம்மா வந்தார்.

"தம்பி, நீங்க கூட வாசிப்பீங்கன்னு சொல்லுவா. அவ பாடினது எதாவது இருக்கா?"

தயங்கித் தயங்கி, சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். கிடார் ஓய்ந்து, இரண்டு குட்டி மூச்சும் ஒரு நீள மூச்சும் கேட்டன. உறுமல் தொடங்குமுன்பே அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பியூலாதான் இது! சின்ன வயசுல இளைப்பு வந்தா இப்படித்தான் இழுப்பா. பக்கத்துலயே உக்காந்து கேட்டிருக்கேன்." பிறகு உறுமல் வந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. முழுதும் கேட்டார். போனை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழே இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"உங்க பேரெல்லாம் இருக்கு தம்பி. இவ பேரு எங்க?"

அங்கேயே, அவர் கண்முன்னேயே பெயரைச் சேர்த்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிட வேலையைத்தான் அவள் இருந்தவரை நான் செய்யவில்லை. அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மூச்சு. அதை இனி எப்போது கேட்டாலும் கூடவே அவள் அம்மாவின் கேள்வியும் வரும், வரட்டும். குயில் என்று எழுதியவர்கள் தயவுசெய்து அழித்துவிடுங்கள். உறுமியவள் பெயர் பியூலா.